சர்க்கரை போடாதே என்று சத்தியம் வாங்கியவர்கள்

பதினோரு மாதம் டீ போடுவது எங்கள் தொழில். ஜனவரியில் மட்டும் ஊராரின் சபதங்களுக்குக் காவல் இருப்பது. காலடிப்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். வருஷம் பிறந்த காலையிலேயே "மாஸ்டர், இன்னியிலேர்ந்து சக்கர வாணாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். டீ ஆற்றும் சகோதரர்களே, உங்களுக்கும் இந்தப் பாடு உண்டு என்று தெரியும். அதனால்தான் மனசு விட்டுச் சொல்கிறேன்.

எதிர்க்கடை

லோடு ஆட்டோ ஓட்டும் குமார் என் பழைய வாடிக்கை. புது வருஷத்தில் சர்க்கரை இல்லாத டீக்கு மாறினார். முகம் சுளிக்காமல் குடிப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அவரைக் காட்டி மற்றவர்களுக்கு உபதேசம்கூடச் செய்தேன்.

ஒரு நாள் சில்லறை மாற்ற எதிர்க்கடைக்குப் போனால், குமார் அங்கே உட்கார்ந்து பொறை ரஸ்க்கை டீயில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கிளாஸின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கிறது. வயிறு எரிந்தது. சபதம் போனதற்கா, வியாபாரம் போனதற்கா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"உன் கடைல தான் மாமு கட்டுப்பாடு. இந்தக் கடைல நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

நடைப்பயிற்சி

பின் தெருப் பெண்கள் நாலு பேர் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். தலைவி பத்மா அக்கா. எல்லார் காலிலும் புது ஷூ. முதல் வாரம் என் பஜ்ஜி சட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். அடுத்த வாரம் கடை வந்ததும் நடை தளர்ந்தது. பொங்கல் கழிந்ததும் நேராக உள்ளே வந்து ஆளுக்கு ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி கேட்டார்கள்.

காவல்காரன் ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா? "நடந்ததெல்லாம் வீணா பூடுமேக்கா" என்றேன். பத்மா அக்கா பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து எண்ணெயை ஒத்தி எடுத்தார்.

"நடக்காம துன்னா தான்பா தப்பு. நாங்க நடந்துட்டு தான துன்றோம்."

தேவராஜ் அண்ணன்

இவர் விஷயம் விளையாட்டில்லை. கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தது. மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிக் கீழே வேறு வேலைக்குப் போட்டுவிடுவார்கள். மேலே கேபினில் உட்கார்ந்தால் கடல் முழுக்கத் தெரியும் என்று குழந்தை மாதிரி சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

அதனால் அவர் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியபோது நான் மறுக்கவில்லை.

"நான் அழுதாலும் சக்கர போடாத நைனா. கீழ எறக்கி வுட்டா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

பரிசோதனை அன்று

காலையில் தேவராஜ் அண்ணன் வந்தார். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போகிறவர், "வெந்நி மட்டும் குடு" என்றார். சட்டையெல்லாம் வேர்வை. கிளாஸைப் பிடித்த கை நடுங்கி வெந்நீர் கொட்டியது. கேட்டால், முந்தின ராத்திரியே சாப்பிடவில்லையாம். ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று காலையில் சுகர் மாத்திரையை ஒன்றுக்கு ரெண்டாகப் போட்டிருக்கிறார்.

சர்க்கரை ஒரேயடியாக இறங்கி என் மச்சானும் இப்படித்தான் கீழே விழுந்தான். பாலில் நாலு கரண்டி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டார். தாடையைப் பிடித்து ஊட்டத்தான் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தெளிந்ததும் காலி கிளாஸைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"வாக்கு குட்த்துட்டு இப்டி கவுத்துட்டியே நைனா."

அதற்கப்புறம்

அன்று டாக்டர் ரத்தமே எடுக்கவில்லை. நடந்ததைக் கேட்டு நன்றாகத் திட்டி, மாத்திரையை மாற்றி, வேளைக்குச் சாப்பிடச் சொல்லி, ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னாராம். அதுவரை கிரேன் கிடையாது. அண்ணன் கீழே நின்று கண்டெய்னர் நம்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கடைப் பக்கம் வரவில்லை. செய்தது சரி என்று தெரிந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை ஹெல்மெட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பரிசோதனையில் தேறி, திரும்பக் கிரேன் ஏறப் போகிறார். வழக்கமான சர்க்கரை இல்லாத டீயை மட்டும் கேட்டார். கூட வந்த அவர் மனைவி செல்விதான் பேசினார்.

"அண்ணே, இந்த மனுசன் கேட்டா சக்கர போடாத. கேக்காம நடுங்கினு நின்னா மட்டும் போடு."

இந்த ஜனவரியில் என்னை நம்பி ஒப்படைத்த சபதங்களில் கரை சேர்ந்தது, நான் கெடுத்த ஒன்றுதான்.