விளாத்திகுளத்தில் விழுந்த பார்கள்

நேற்று புது மடிக்கணினியில் அந்தக் கடல் வரைபட மென்பொருளை இறக்கினேன். இலவசமானது, அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நானும் சும்மா திறந்தேன். சோதனைக் கோப்புகளுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் ‘டீக்கடை’ என்று ஒன்று கிடந்தது. பார்த்ததும் டீசலும் கருவாடும் கலந்த வாசனை வந்துவிட்டது. கோப்புக்கு ஏது வாசனை என்பீர்கள். சொல்கிறேன்.

அது அப்பாவின் ஜிபிஎஸ் கருவியின் வாசனை. வள்ளத்திலேயே கிடந்து, பொத்தான்களுக்கிடையில் செதில் ஒட்டியிருக்கும். கரை தெரியாத தூரத்தில், கடலடியில் எங்கெங்கே பார் இருக்கிறது என்று அப்பா வருஷக்கணக்கில் தேடிக் குறித்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. பார் என்றால் மீன் அடையும் பாறைத்திட்டு. ஒரு காலத்தில் முத்துச்சிப்பி கிடந்ததும் அங்கேதான். ஒருநாள் கருவியின் திரை பாதி கறுத்து, எண்கள் மறைந்துவிட்டன. அது முழுதாகச் செத்தால் பார்களும் போச்சு.

“படிச்சவன்லா நீ, என்னன்னு பாருல,” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே பேட்டரியில் ஓடும் எதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வயர் மாட்டி, இந்த மென்பொருளில் திறந்தேன். குறிகள் எல்லாம் வந்தன. ஆனால் கடலில் இல்லை. விளாத்திகுளத்துக் கரிசல் காட்டில்.

“அங்கன போயி வலை விரிக்கவா?” என்றார் அப்பா.

மென்பொருளுக்கு ஒரு மன்றம் உண்டு. சந்தேகத்தை எழுதினால் யாராவது பதில் எழுதுவார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, என் படிப்பு, அப்பா தொழில், தொந்தரவுக்கு மன்னிப்பு, எல்லாம் எழுதி, கடைசி வரியில் பிரச்சினையைச் சொன்னேன். வங்கி மேலாளருக்குக்கூட அப்படி யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் கொக்குப் படம் வைத்திருந்த ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: கோப்பை இங்கே போடுங்கள்.

“எங்க போடணும்ங்கான்?”

“மன்றத்துலப்பா. எல்லாரும் பாக்குற எடம்.”

“எல்லாரும்னா?”

“உலகம் பூரா.”

“ஏலே, கிறுக்கு புடிச்சிருக்கா? ஒங்க சித்தப்பனுக்கே நான் அந்த எடத்தைக் காட்டுனதில்ல. நாளைக்கே பக்கத்தூரு ஆலந்தலைக்காரன் அங்கன வந்து நிப்பான்.”

“ஆலந்தலைக்காரன் இதையெல்லாம் எங்கப்பா படிக்கான்?”

“ஒன்னய மாதிரி படிச்சவன் அங்க ஒருத்தன்கூடவா இல்ல?”

தனியாக அனுப்பட்டுமா என்று கொக்குக்காரரிடம் கேட்டேன். அடுத்து வருபவருக்கும் உதவ வேண்டும், எதையும் தனியாக வாங்குவதில்லை என்றார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்: இவை என் அப்பா மீன்பிடிக்கும் இடங்கள். உடனே எழுத்தின் தொனியே மாறியது. அவர் ஊரில் காளான் பறிக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவருக்கும் சொல்லமாட்டார்களாம். ‘ரகசியமில்லாத ஓர் இடத்தை அதே கருவியில் குறித்து, அதை மட்டும் அனுப்புங்கள். அது உண்மையில் எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.’

எங்கள் கடற்கரையில் ரகசியமே தங்காத இடம் அண்ணாச்சி டீக்கடைதான். அதன் வாசலில் நின்று, பாதி கறுத்த திரையிலும் பழக்கத்திலேயே அப்பா பொத்தானை அமுக்கினார்.

“என்னவே, அப்பனும் மவனும் கடைய அளக்கீய?” என்றார் அண்ணாச்சி.

“ஒம்ம கடைய உலகம் பூரா காட்டப் போறோம்,” என்றார் அப்பா.

“அப்ப கூட்டம் வாரதுக்குள்ள ஆளுக்கொரு டீயக் குடிச்சிட்டுப் போங்க.”

சில நாளில் திருத்தம் வந்தது. இனி அந்தப் பிழை திரும்பாமல் சோதித்துப் பார்க்க, எங்கள் டீக்கடைக் கோப்பையும் மென்பொருளுக்குள்ளேயே வைத்துவிட்டார் கொக்குக்காரர். பார்கள் விளாத்திகுளத்தை விட்டுக் கடலுக்குத் திரும்பின. அப்பா ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

“இந்தக் காளான்காரரு எந்த ஊருல?”

“தெரியாதுப்பா.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“தெரியாது.”

“தெரியாத ஆளு நமக்கு எதுக்குல இவ்வளவு மெனக்கெடுதாரு?”

அந்தக் கேள்விதான் என்னை அந்த மன்றத்திலேயே உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். பிறகு நானும் பதில் சொல்லத் தொடங்கினேன். கோப்பைக் காட்டத் தயங்குகிறவர்களிடம், ‘உங்கள் டீக்கடையைக் குறித்து அனுப்புங்கள்’ என்பேன். ஒருவர் பள்ளிக்கூட வாசலை அனுப்பினார், இன்னொருவர் கோழிக்கூண்டை. பிழையைப் பார்ப்பதற்கு முன், அந்த இடத்தை வரைபடத்தில் தேடி, அங்கே என்ன மரம், தெரு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஊரில் டீ கிடைக்குமா என்றுகூட யோசித்ததுண்டு.

இப்போது மன்றத்தில் படிக்கலாம், எழுத முடியாது. சந்தேகத்தை எல்லோரும் செயற்கை நுண்ணறிவு எந்திரத்திடமே கேட்டுக்கொள்கிறார்கள். நானும்தான். கேட்டவுடன் சொல்கிறது. உன் ஊரில் ரகசியமில்லாத இடம் எது என்று அது கேட்டதில்லை. கொக்குக்காரருக்குக் கடைசியாக நான் எழுதியது பதில் வராமல் அப்படியே நிற்கிறது.

நேற்று அந்த ‘டீக்கடை’யை வரைபடத்தில் திறந்தேன். அப்பா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். குறி கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் நின்றது.

“திரும்பவும் தப்பாக் காட்டுதாலே?”

“இல்லப்பா. சரியாத்தான் காட்டுது.”

கடல் ஏறி வந்து கடையையும் அந்தத் துண்டுக் கரையையும் கொண்டுபோனது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பார்களைத் தொட்டதுபோலவே அந்தக் குறியையும் விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.