சிகரெட் தாள் வாங்கிய அக்கா

தொழிற்சாலையில் காலை இடைவேளைக்கு வெளியே வந்தபோது கைபேசியில் ஜெயமணி அக்காவின் மகள் அனுப்பிய செய்தி கிடந்தது. டேனிஷில் ஒரே வரி: அம்மா விடிய மாரடைப்பில் இறந்துவிட்டார். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம். ஏன் என்பதை அவரை அறிந்த சபையாருக்கு எழுதத்தான் வேண்டும்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். டென்மார்க்கில் நம் பிரெடெரிசியா நகரச் சபையில் பெண்கள் ஜெபத்தை நடத்தியவர். இரண்டு வருடங்களுக்கு முன், அவர் கடையில் சிகரெட் சுற்றும் தாள் ஐந்து பக்கெட் வாங்குவதைக் கண்டேன். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். சபையின் நன்மைக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டு பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ஜெபம் நடத்தும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. "நான் புகைக்கிறேல்லை, பாஸ்டர்" என்றதோடு அக்கா கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்தார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமையில நான் போற இடத்துக்குப் பஸ் இல்லை. என்னைக் கொண்டுபோய் விடுறீரோ?"

போன இடம், பழைய காலத்து ரிவால்வர்களால் சுட்டுப் பழகும் ஒரு கழகம். மேசையில் அதே சிகரெட் தாள்கள். அக்கா ஒரு சிறு மரக்குச்சியில் தாளைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, குழலாக உருவி எடுத்தார். அதில் கருமருந்து என்னும் வெடித்தூளை அளந்து கொட்டி, குழலின் வாயில் ஈயக்குண்டை வைத்து ஒட்டினார். அதுதான் தோட்டா.

"மெல்லிய தாள் எண்டால்தான் மிச்சமில்லாமல் எரியும். தணல் துவக்குக்குள்ளை கிடந்தால் அடுத்த மருந்து கையிலையே வெடிக்கும்" என்றார்.

அவர் சுட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"நானும் இப்பிடித்தான் இருந்தனான். இங்கத்தைப் புதுவருச வெடிக்கெல்லாம் குளியலறைக்கை பூட்டிக்கொண்டு இருப்பன். ஊரில சண்டைக்காலத்தில கேட்ட அந்தச் சத்தம் ஒருக்காலாவது என்ரை கையால, என்ரை விருப்பத்துக்கு வரவேணும் எண்டு நினைச்சன்."

"இதைப் பாஸ்டரிட்டைச் சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"துவக்குச் சுடத்தான் சிகரெட் தாள் வாங்கினன் எண்டால் ஆர் நம்புவினம்? கண்ட ஆள்தான் சொல்லவேணும்." என்னைப் பார்த்தார். "அண்டைக்குக் கடையில உம்மடை கூடையில ஒரேயொரு பால் பெட்டி. அதோடை என்னைச் சுத்தி மூண்டு தரம் வந்தனீர்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். நான் கோள் சொன்னவன் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். அக்கா ஒருநாளும் நினைவூட்டவில்லை. வாசலில் கைகொடுத்து, "சுகமோ தம்பி?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று அவர் சுற்றித் தந்த, மருந்து நிரப்பாத ஒரு தாள்குழல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதோடு நான் கொடுத்த வாக்கும் இருக்கிறது. குழலை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

சபையாரே, ஜெயமணி அக்கா புகைத்ததில்லை. கண்டவன் சொல்கிறேன்.