டாக்டரம்மாவும் படகுக் கழிப்பறையும்

முப்பது வருஷம் அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். தைக்கிற பெண்கள் வைத்த பெயர் டாக்டரம்மா. நூல் அறுந்தால் எல்லோரும் ஊசியைத்தான் திட்டுவார்கள். இவள் மட்டும் நூல்கண்டில் ஆரம்பித்து ஊசி வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே வருவாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள், உடனே ஓட்டிப் பார்ப்பாள். எவனாவது ஓட்டிப் பார்க்காமல் மூன்று பாகங்களைச் சேர்த்து மாற்றினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓய்வுக்குப் பிறகு அவளும் கணவரும் யாரோ கைவிட்டுப் போன ஒரு பாய்மரப் படகை வாங்கிச் சீர்செய்து, படகுத்துறையில் அதையே வீடாக்கிக்கொண்டார்கள். ஏழு வருஷமாயிற்று. காலை நீட்டினால் சுவரில் இடிக்கிற வீடுதான். ஆனால் கண் விழித்ததும் ஜன்னலில் தண்ணீர் தெரியும். முப்பது வருஷம் ஜன்னலே இல்லாத கூடத்தில் ட்யூப்லைட்டுக்குக் கீழே குனிந்து கிடந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை. கணவர் கார் விற்கிற இடத்தில் பாலிஷ் போட்டவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு குட்டிப் படகில் உட்கார்ந்து, வெளிப்பக்கம் முழுக்க மெழுகு பூசித் துடைப்பார். துறையிலேயே முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மின்னுகிற படகு அவர்களுடையதுதான்.

எல்லாம் சரி, கழிப்பறைதான் மானத்தை வாங்கியது. படகுக் கழிப்பறையில் பக்கத்தில் உள்ள கைப்பம்பை அடித்தால்தான் கழிவு குழாய் வழியே, கட்டிலுக்கு அடியில் உள்ள தொட்டிக்குப் போகும். இரண்டு மாதமாகப் பம்பு அசைய மறுத்தது. நாற்றமோ குடலைப் பிடுங்கியது. மூன்று மெக்கானிக்குகள் வந்து பம்பு, ரப்பர் வால்வு, குழாய் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அவர்கள் தொழிலில் நாம் ஏன் மூக்கை நுழைப்பது என்று இவளும் பேசாமல் இருந்துவிட்டாள். அதுதான் தப்பு.

மகள் போனில் ஒரே போடாகப் போட்டாள். "அப்பாவுக்கு ஏற்கெனவே இருமல். மூடின ரூம்ல அந்தக் காத்தையே சுவாசிச்சா என்ன ஆகும்? சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன். நாத்தம் இருந்தா அன்னிக்கே ரெண்டு பேரும் என்கூடக் கிளம்பணும். சரியாம்மா?"

"சரி." மகள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

சனிக்கிழமை காலை கணவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டார். "விடேன். ஒரு கழிப்பறைகிட்ட தோத்தா யாரு நம்மளைக் கேவலமா பேசப் போறாங்க?"

"பெட்டியை மூடி வைங்க. மணி இன்னும் எட்டுதான்."

கையுறை மாட்டிக்கொண்டு கட்டில் பலகையைத் தூக்கினாள். வியாழக்கிழமைதான் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். தட்டிப் பார்த்தாள், வெற்றுச் சத்தம். குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிப் பம்பை அடித்தாள். கை நோகாமல் இறங்கியது. அப்படியானால் பம்பிலும் குறையில்லை, குழாயிலும் குறையில்லை. திரும்ப மாட்டினாள். இருபது தடவை அடிப்பதற்குள் பம்பு இறுகிவிட்டது. மேல்தளத்துக்குப் போய், தொட்டியைக் காலி செய்கிற மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று சீறி முகத்தில் அடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே இடமிருக்கிறது, காற்றுக்குத்தான் வெளியே போக வழியில்லை. போக வழியில்லாத காற்றுதான் இடுக்கு வழியாகக் கசிந்து நாறுகிறது.

காற்று போவதற்கென்றே தொட்டி மேலிருந்து ஒரு மெல்லிய குழாய் படகின் வெளிச்சுவருக்குப் போகிறது. அதைக் கழற்றி, சைக்கிள் பம்பைப் பொருத்தினாள்.

"ஏங்க, வெளியே அந்த ஓட்டைல காத்து வருதா பாருங்க."

குட்டிப் படகில் இறங்கியவர் வெளிச்சுவரை மேலும் கீழும் தேடினார். பிறகு கேட்டார், "ஓட்டையா? எந்த ஓட்டை?"

அவள் கை அப்படியே நின்றது. வெளிச்சுவரில் அவர் விரல் படாத இடம் கிடையாது.

அவளும் இறங்கி, வழவழவென்று இருந்த சுவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சின்னப் பள்ளம் தட்டியது. தையல் மெஷினுக்கு வைத்திருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள். வெள்ளை வெளேரென்று ஒரு மெழுகுக் கட்டி கையில் விழுந்தது. ஏழு வருஷ ஞாயிற்றுக்கிழமை.

"நானா?"

"நீங்கதான்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு மாதம், மூன்று மெக்கானிக், மகளிடம் தலைகுனிவு. வாயைத் திறந்தவள் அவர் கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டாள். பாவமாக இருந்தது. "மெழுகு கெட்டியாத்தான் ஒட்டியிருக்கு," என்றாள். "வேலைல குறை சொல்ல முடியாது."

தொட்டியை மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசிக் காலி செய்தார்கள். ஜன்னல்களைத் திறந்து, மெத்தையை வெயிலில் போட்டார்கள். நாலு மணிக்கு வந்த மகள் நேராகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே நின்று அம்மா ஐம்பது தடவை வரை எண்ணினாள்.

வெளியே வந்த மகள் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே. என்னதாம்மா ஆச்சு?"

"ஏதோ அடைப்பு..."

"நான்தான் அடைச்சேன்," என்றார் அப்பா. மெழுகுக் கட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் அதையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, சட்டைகளை எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் மெழுகு டப்பாவைத் தொடவேயில்லை.

"வாங்க," என்று அவளே அதை எடுத்துக்கொண்டு குட்டிப் படகில் முதல் ஆளாக இறங்கினாள். அவர் பூசித் துடைத்து முடிக்கும் வரைக்கும், அந்த ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.