கிரீடமும் கப்பலும் இருந்த கொடி

இரண்டாயிரங்களின் நடுவில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த செயின்ட்-மிஷேலில் போர்த்துக்கேயரும் தமிழரும் ஒரே தேவாலயத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். கொடியேற்றத்தன்று காலை, எங்கள் மாதா கொடியை அழகாக்குகிறேன் என்று என் கணவர் அயன் பெட்டியைப் பிடித்து நடுவில் ஓட்டை போட்டுவிட்டார்.

வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே தேவாலயத்தின் நிலவறை அலுமாரியைத் திறந்தேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு கொடி மடித்துக் கிடந்தது. மேலே கிரீடம், நடுவில் கப்பல், அடியில் பச்சை அலைகள். மன்னார்க் கடற்கரைச் சனத்துக்கு வேறென்ன வேண்டும்? கிரீடமும் கப்பலும் இருந்தால் மாதாதான். கீழே ஓடிய போர்த்துக்கேய எழுத்தை மன்றாட்டு என்று எடுத்துக்கொண்டோம். முந்தின கிழமை நானே துடைத்தபோது அந்த அலுமாரி வெறுமையாக இருந்தது. கொடி உச்சிக்குப் போனபிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அப்போது போர்த்துக்கேயப் பூசைக்கு வரும் ஒரு விதவை என் கையைப் பிடித்தாள். பிரெஞ்சில் கதைத்தாள்.

“அது மொசாம்பிக்கில் ஒரு நகரத்தின் கொடி. போர்த்துக்கல் ஆண்ட காலத்தில் என் கணவர் அந்த நகரசபையில் அதிகாரி. மேலே இருப்பது மாதாவின் கிரீடம் இல்லை, கோட்டைக் கோபுரங்கள்.”

அண்ணாந்து பார்த்தேன். கோபுரங்களேதான். எங்களை ஆண்டவர்களின் கொடியை நாங்களே கைதட்டி ஏற்றியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது.

“போன மாரியில் அதை அவருடைய சவப்பெட்டிக்குள் வைத்து மூடினேன்,” என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“ஓரத்தில் மஞ்சள் நூலால் நான் தைத்த கிழிசல் இருக்கும். இறக்குங்கள். அவர் நிம்மதியாகக் கிடக்கிறாரா என்று எனக்குத் தெரியவேண்டும்.”

திருவிழாக் குழுத் தலைவர் குறுக்கே வந்தார். “திருவிழா முடிய முன்னம் கொடி இறக்கக் கூடாது, தங்கச்சி. எங்கட சனத்துக்கே கேடு வரும்.”

“அது எங்கட கொடியே இல்லை, அண்ணை. நான் இறக்கிறன்.”

எரிச்சலோடு கயிற்றை அவிழ்த்தேன். அன்று மழையே இல்லை. கொடி ஈரமாக, கை விறைக்கும் குளிரோடு வந்தது. மண் மணத்தது. ஓரத்தில் மஞ்சள் நூல் தெரிந்தது.

அவள் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே நின்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, “அந்த நகரத்தில் அவருக்கு நல்ல பற்று போல,” என்றேன்.

அவள் தலையசைத்து மறுத்தாள்.

“சாகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ‘அங்கே நான் செய்த பாவங்களே போதும், இந்தக் கொடியோடு என்னைக் கடவுளுக்கு முன்னால் அனுப்பாதே’ என்றார். நாலு பேர் பார்த்துப் பெருமையாகப் பேசட்டும் என்று நான்தான் வைத்தேன். திருப்பித் தந்துவிட்டார்.”