ரீலோடு வந்த கம்பி

படகில் மூன்று பேர்தான் இருந்தோம். நான், லேலண்ட் மஸார்ட். என் தம்பி ஆர்வில். அவன் மருமகன் கீத். நான்காவதாக யாரும் இல்லை. மஸார்ட் குடும்பத்தில் பொய் சொல்லிப் பெயர் வாங்கியவர் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முந்தின நாள் மாலை, கொட்டகையில் சால்மன் பிடிக்கத் தூண்டில்களைத் தயார் செய்தோம். ஆகஸ்டில் அந்த மீன் மிச்சிகன் ஏரியின் ஆழத்துக்குப் போய்விடும். எஃகுக் கம்பி இல்லாமல் தூண்டில் அங்கே எட்டாது. ஆர்வில் ஒரு பழைய ரீலை மேசையில் வைத்தான். இறந்துபோன ஒருவர் வீட்டில் சாமான்களை விற்றபோது வாங்கியதாம். அதில் ஆயிரம் அடிக் கம்பி நிறையச் சுற்றியிருந்தது. மூவரும் பார்த்தோம்.

"அடுத்தவன் கம்பிய ஏரியில இறக்கக் கூடாதுடா. உருவிப் போடு."

"நல்ல கம்பிண்ணே. ஓசியில வந்தத எவனாவது குப்பையில போடுவானா?"

"கல்யாண மோதிரத்தையே மாமா பழைய சாமான் கடையிலதான் வாங்கினாராம்," என்றான் கீத்.

நானும் சிரித்துவிட்டேன். அடம் பிடித்திருக்க வேண்டும்.

காலை 4.50. கரையிலிருந்து ஆறு மைல். மூடுபனி. ஆர்வில் கட்டைவிரலால் ரீலை அழுத்தியபடி கம்பியை மெல்ல விட்டான். படகு ஓடும்போது நீரை அறுக்கும் கம்பி ரீங்கரிக்கும். வேகம் கூடினால் ஓசை ஏறும். குறைந்தால் இறங்கும். நாற்பது வருடமாக என் காதுக்கு அது பழக்கம்.

5.12க்கு ஓசை ஏறியது. நாங்கள் வேகத்தைக் கூட்டவில்லை.

"கீத், இன்ஜினை நிறுத்து."

நிறுத்தினான். கம்பி தொய்ந்து ஓசை அடங்க வேண்டும்...

அடங்கவில்லை.

"மீனா மாமா?"

"மீனுன்னா தலைய ஆட்டும்டா. இது ஆட்டல." ஆர்வில் குரலில் சிரிப்பு இல்லை.

காற்றே இல்லை. ஆனால் படகு பின்னோக்கி நகர்ந்தது. பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது.

"விட்டுட்றா ரீலை!"

"முடியலண்ணே... கையச் சுத்திடுச்சு..."

ரீலிலிருந்து ஒரு வளையம் எழுந்து அவன் விரல்களில் விழுந்தது. இன்னொன்று மணிக்கட்டில். யாரும் சுற்றவில்லை.

கீத் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இருவரையும் சேர்த்தே இழுத்தது. தம்பியை ஏரிக்குக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு கரைக்குப் போவேன்?

ங்ங்ங்ங்...

குறடை எடுத்தேன்.

டக்.

சத்தம் நின்றது.

அறுந்த முனை மூழ்கவில்லை. நீரின் மேல் நிமிர்ந்து நின்றது... பிறகு, கீழிருந்து யாரோ வாங்கிக்கொள்வதுபோல, மெல்ல உள்ளே போனது.

மணி 5.19.

ஆர்வில் பிழைத்தான். இரண்டு விரல்கள் இல்லை. அடுத்த வாரம் ரீலைத் திருப்பிக் கொடுக்க, அதை விற்ற விதவையின் வீட்டுக்குப் போனேன். மீதிக் கம்பியைப் பார்த்ததும் அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வித்தப்ப இதுல கம்பியே இல்லைங்க. என் வீட்டுக்காரர் பொணமா கரை ஒதுங்கினப்ப கம்பி பூரா அவர் கையிலதான் சுத்தியிருந்துச்சு. பிரிக்க முடியல. அப்படியே புதைச்சோம்."

பயத்தில் தம்பியின் விரல்களையும் சேர்த்து நான் வெட்டிவிட்டதாகப் படகுத்துறையில் பேசுகிறார்களாம். தவறு. நான் வெட்டியது கம்பியை மட்டும். விரல்கள் அதற்கு முன்பே போயிருந்தன.