கடல் காற்றைத் திட்டிய மாமா

கத்திரி வெயில் காலத்தில் சென்னைக்காரர்கள் எல்லோரும் கடல் காற்றுக்காகத் தவம் கிடப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் அது வந்து முகத்தில் பட்டதும் அப்பாடா என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள். அந்தக் காற்றை வாய்க்கு வந்தபடி திட்டிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து என் தாய்மாமாதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு நெய்வேலியில் வேலை என்பதால் நானும் அம்மாவும் சாந்தோமில் தாத்தா வீட்டில் இருந்தோம். தாத்தா ஹார்பர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகனான மாமாவோ, பட்டினப்பாக்கம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் மை ஒட்டாமல் வேலை பார்த்தவருக்குப் பிள்ளை தலைமுடியில் பெயிண்டோடு வீட்டுக்கு வருவது பிடிக்குமா? பிடிக்கவில்லை.

எனக்கு அந்தக் கொட்டகைதான் சொர்க்கம். அங்கே ஒரு கம்ப்ரசர் இருந்தது. காற்றை உறிஞ்சி ஒரு இரும்பு உருளைக்குள் போட்டு அடைக்கும். அடைபட்ட காற்று ரப்பர் குழாய் வழியாகச் சீறி வந்து பெயிண்டைப் பனி மாதிரித் தெளிக்கும். ஆனால் நம் ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். அதைப் பிடித்து நெருக்கினால் சூடாகிறது, பிறகு ஆறும்போது தண்ணீரைக் கக்குகிறது. அதனால் தினமும் காலையில் உருளையின் அடியில் உள்ள சின்னக் குழாயைத் திறந்துவிட வேண்டும். புஸ்ஸென்று துருப்பிடித்த தண்ணீர் கொட்டும். கம்ப்ரசர் ஒண்ணுக்குப் போகிறது என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்படி வடித்த பிறகும் கொஞ்சம் ஈரம் காற்றோடு திருட்டுத்தனமாகப் போய்விடும். பெயிண்டோடு அது சேர்ந்தால் வேலை கெட்டது. அன்றைக்குப் பளபளவென்று இருக்கும் கதவில் சில மாதங்களில் வேர்க்குரு மாதிரிப் பொரிப்பொரியாய்க் கிளம்பும். வெள்ளைக் கார் என்றால் சமாளித்துவிடலாம். கறுப்புக் கார் என்றால் தெருமுனையிலிருந்தே தெரியும்.

அந்த மே மாதம் மாமாவிடம் ஒரு கறுப்புக் கார் வந்தது. தியாகராய நகரில் நகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய கார். மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் ஜொலிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேள்விப்பட்ட தாத்தா அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ஹார்பர்ல பெரிய ஐயா கிட்ட உனக்கோசரம் சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை காலைல வரச் சொல்றாரு. இந்த வண்டி சனிக்கிழமை ஒழுங்கா போச்சின்னா உன் இஷ்டம். போவலன்னா கொட்டாயை மூடிட்டு ஆபீசுக்குக் கெளம்பு. இன்னா சொல்ற?"

"சரி நைனா" என்றார் மாமா. அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டுத் தம்பியை முறைத்தாள். இப்படி யாராவது ஒத்துக்கொள்வார்களா என்ற முறைப்பு. எனக்கோ வேறு கவலை. கொட்டகை போய்விட்டால் விடுமுறையில் நான் எங்கே போவேன்?

மாமாவுக்குக் காற்றைக் காயவைப்பது ஒன்றே சிந்தனையாகிவிட்டது. மைலாப்பூர் பழைய இரும்புக் கடையில் நீளமான செம்புக் குழாய் ஒன்றை வாங்கி, ஜாங்கிரி மாதிரிச் சுற்றிச் சுற்றி வளைத்தார். அதை ஒரு டிரம்முக்குள் இறக்கினார். பட்டினப்பாக்கம் மீன்காரர்களிடம் ஐஸ் கட்டி வாங்கி வந்து டிரம்மை நிரப்பினார். சூடான காற்று அந்தக் குளிர்ந்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதற்குள் தன்னிடமிருக்கும் தண்ணீரையெல்லாம் கீழே விட்டுவிடும், டிரம்முக்கு வெளியே அதை வடித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் மலைப்பாகத்தான் இருக்கிறது.

மீன் பெட்டியிலிருந்து வந்த ஐஸ் என்பதால் கொட்டகை முழுக்கக் கவிச்சி. வட்டாரத்துப் பூனைகள் அத்தனையும் டிரம்மைச் சுற்றிக் குடியேறின. "காருக்குப் பெயிண்ட் அடிக்கிறானா, வஞ்சிரம் விக்கிறானா?" என்று தாத்தா அம்மாவிடம் கேட்டார். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் சவரக் கண்ணாடியைத் துடைத்துப் பிடித்துக்கொண்டு அதன்மேல் அந்தக் காற்றைப் பீய்ச்சினார். கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். எனக்கு அவ்வளவு பெருமை, ஏதோ நானே அந்தக் குழாயை வளைத்தது போல.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பூச்சு முடிந்துவிட்டது. பளபளப்பு கொடுக்கும் கடைசிப் பூச்சுதான் பாக்கி. அதைச் சனிக்கிழமை காலையில், ஈரத்தைச் சுமந்துவரும் கடல் காற்று கிளம்புவதற்கு முன்னால் அடித்து முடித்துவிட வேண்டும். ஆனால் அன்று கடல் கொந்தளிப்பாக இருந்தது. மீன்காரர்கள் கட்டுமரத்தைத் தள்ளவில்லை. மீன் இல்லாத நாளில் அங்கே ஐஸ் எதற்கு வரும்? மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்து, கோணிச் சாக்கில் சுற்றிய ஒற்றைக் கட்டியோடு திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வழியிலேயே அதில் பாதி கரைந்துவிட்டிருந்தது.

தீர்ப்பு சொன்னவர் என்ற முறையில் தாத்தாவும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாமா ஐஸைப் போட்டு, கம்ப்ரசரை ஓடவிட்டு, ஸ்ப்ரே கன்னில் பெயிண்டை ஊற்றினார். அப்போது கொட்டகையின் தகரம் லேசாகக் கடகடத்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடல் காற்று வந்துவிட்டது. தாத்தா தன்னையறியாமல் அப்பாடா என்றார். மாமா எழுத முடியாத ஒரு வார்த்தை சொன்னார்.

கண்ணாடியை எடுத்துக் காற்றைப் பீய்ச்சிப் பார்த்தார். பொட்டுப் பொட்டாய் ஈரம். வடித்துவிட்டு மறுபடி பீய்ச்சினார். மறுபடியும் ஈரம். மாமா கம்ப்ரசரை நிறுத்தினார். அந்தச் சத்தம் அடங்கியதும் கொட்டகையே செத்துப்போன மாதிரி இருந்தது.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" என்றார் தாத்தா.

"காத்துல தண்ணி கீது நைனா."

"இருந்தா இருந்துட்டுப் போவுது. இன்னிக்குத் தெரியாது இல்ல? அடிச்சிக் குடுத்துடுடா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா தோற்றால் ஜெயிப்பது தாத்தாதானே? ஜெயிக்கப்போகிறவர் எதற்காக ஸ்டூலைவிட்டு எழுந்து வந்து, இப்படிக் கெஞ்சுகிற குரலில் பேச வேண்டும்? மாமா கன்னைக் கழுவ ஆரம்பித்தார்.

சாயங்காலம் நகைக்கடைக்காரர் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார். காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இரண்டு பூச்சோடு அது மங்கலாக, பள்ளிக்கூட சிலேட் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"என்னடே இது? மாப்பிள்ளைய சிலேட்டுலயா ஏத்திக் கூட்டிட்டுப் போவச் சொல்லுத?"

"முதலாளி, இப்ப அடிச்சா ராத்திரிக்குப் பளபளன்னு தான் இருக்கும். ஆனா காத்துல ஈரம் கீது. மூணு மாசத்துல வண்டி பூரா கொப்புளம் கெளம்பும். தெரிஞ்சே பரவால்லன்னு சொல்லுங்க, இப்பவே அடிக்கிறேன். உங்களாண்ட சொல்லாம அடிக்க மாட்டேன்."

 அவர் முதலில் மாமாவைத் திட்டினார். மீன் நாற்றத்தைத் திட்டினார். சுற்றிவந்த ஒரு பூனையைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்ததும் டிரைவரைக் கூப்பிட்டு, தண்ணித்துறை மார்க்கெட்டுக்குப் போய் எவ்வளவு பூ கிடைக்கிறதோ அவ்வளவையும் வாங்கி வரச் சொன்னார். மாமாவும் டிரைவரும் சேர்ந்து கறுப்பு கொஞ்சமும் தெரியாதபடி அந்தக் காரைச் சாமந்தியாலும் மல்லிகையாலும் மூடினார்கள். மாப்பிள்ளை பூக்குவியல் ஒன்றில் உட்கார்ந்து ஊர்வலம் போனார். கல்யாணம் முடிந்து கடைசிப் பூச்சுக்கு வண்டியைத் திரும்ப அனுப்புவதாக நகைக்கடைக்காரர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில் தாத்தா ஆபீஸ் பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்த பிறகும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் மாமா தன்னுடைய ஒரே வெள்ளைச் சட்டையை எடுத்து அம்மாவிடம் இஸ்திரி போடக் கொடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தேய்த்தாள். மாமாவைப் போல ஒரு ஆள் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. அன்று ராத்திரி படுக்கையில் ஒரு யோசனை தோன்றியது. தாத்தாவுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வராமல் செய்துவிட்டால்?

விடிந்ததும் தாத்தா பூசையிலிருந்து திரும்பி வருவதற்காக வாசலிலேயே காத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சிலேட்டை நீட்டி, "தாத்தா, எனக்குக் கணக்கு குடு" என்றேன். கோடை விடுமுறையில், அதுவும் நான்! தாத்தா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு வகுத்தல் கணக்கு கொடுத்தார்.

உள்ளே மாமா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார். தாத்தா கூப்பிடவில்லை. நான் விடையை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன். அவர் பொறுமையாக அழித்துவிட்டு இன்னொன்று கொடுத்தார். பிறகு பெருக்கல், பிறகு வட்டி. ஆபீஸ் திறக்கும் நேரம் வந்தது, போனது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியில் மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பெயிண்ட் ஒட்டிய பழைய பனியனோடு பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் நழுவிப் போனார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று நான் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னேன்.

சற்றுப் பொறுத்துத் தாத்தா சிலேட்டைக் கீழே வைத்தார்.

"உன் மாமன் வேலைக்குப் போய்ட்டானா?"

"போய்ட்டாரு தாத்தா."

எந்த வேலைக்கு என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.