நான் நீக்கிய ஒரு சோதனை

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஆம்புலன்சுகள் எங்கெங்கே நிற்கவேண்டும் என்பதை எல்லா வாய்ப்புகளையும் அலசாமல் ஊகமுறையில் தேடித்தரும் கணினி நிரல் ஒன்றை எழுதினேன். கற்பனைக் கூட்டங்களை வைத்து அதை முப்பது முறை சோதித்தேன். ஒருமுறை மட்டும், பாதையிலுள்ள அடி அண்ணாமலை என்ற இடத்து நெரிசலில் வண்டி நோயாளியை அடைய நாற்பது நிமிடமாயிற்று. சராசரியைக் கெடுக்கிறதென்று அந்தச் சோதனையை நீக்கிவிட்டே அறிக்கை தந்தேன், திட்டம் ஏற்கப்பட்டது.

அடுத்த பௌர்ணமியில் அங்கேயே ஒருவர் மாரடைப்பால் இறந்தார். மறுநாள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்னிடம் வந்தார்.

“உங்க கம்ப்யூட்டர் சொன்ன எடத்துலதான் சார் நின்னேன். ஜனம் நகரல. நான் போறதுக்குள்ள அந்த மனுசன் தன் சம்சாரத்து மடியிலயே போயிட்டாரு. இப்பிடி ஆவும்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க” என்றேன்.

அதற்குத் தெரிந்திருந்தது. இன்று என் அறிக்கைகள் மோசமான முடிவிலிருந்தே தொடங்குகின்றன. அந்த ஓட்டுநரிடம் உண்மையைச் சொல்லும் துணிவு மட்டும் இன்னும் வரவில்லை.